விமானத்தின் ஆற்றுணா

செங்கம் என்னும் ஊரின் பெயரைக் கேட்ட அளவில், தமிழ் பயின்றோர் உள்ளத்தே நன்னன் நினைவு தோன்றும். சவ்வாது மலையின் அடிவாரத்தில், சேயாற்றின் கரையில் அமைந்த இவ்வூரே, பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய மலைபடுகடாம் கூறும் செங்கண்மா என்பர் அறிஞர். பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், இனிச் செல்லவிருக்கும் கூத்தர்க்கு வழி கூறுவதாக அமைந்தது அந்நூல். எவ்விடத்தே வழி இடர் உடையது, எவ்விடத்தே பாம்பு உறையும், எச்சிற்றூரில் எவ்வகை உணவு கிடைக்கும் என்பனவெல்லாம் அதனுள் விரித்துரைக்கப்பட்டுள்ளன. வழிப்போக்கனுக்கு வழியைப் போலவே உணவும் இன்றியமையாதது. அவன் முடிந்து கொண்டு செல்லும் கட்டுச்சோற்றை ஆற்றுணா என்று நம் முன்னோர் வழங்கினர்.

இவ்வூரே ஆற்றுணாவின் அருமையை மற்றொரு காலத்தும் கண்டது. 1767-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், செங்கத்துக் கணவாயில் ஹைதர் அலியும் நிஜாமும் கூட்டிவந்த சேனையைக் கர்னல் ஸ்மித் என்பார் எதிர்த்து நின்று வென்றார். வென்றும் பயன் என்னை? படைக்கு உணவு போதாமையால், அவர் திருவண்ணாமலைக்குப் பின்வாங்க நேரிட்டது.

ஆகாய விமானத்திற்கு ஆற்றுணா பெட்ரோல். நடந்து செல்வோன் சோறு தீர்ந்தால் ஒரு மரத்தடியில் அமரலாம். மோட்டார் வண்டி எண்ணெய் தீர்ந்தால், ஓரத்திற்குத் தள்ளிவிட்டு அடுத்த ஊருக்கு டப்பா ஏந்திப் போகலாம். வானில் செல்லும் விமானம் நிற்க இடமில்லை. அது இறங்கியே ஆகவேண்டும், அதுவும் அப்பொழுதே இறங்கவேண்டும். ஆயினும் எண்ணெய் தீர்ந்து இறங்கும் விமானங்கள் உலகில் இன்றும் பல. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011 முதல் 2015 வரை உள்ள ஐந்தாண்டுகளை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கின்படி, ஆண்டொன்றுக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட விபத்துக்கள் எரிபொருளை ஆளத் தெரியாமையால் நிகழ்ந்தன. இவற்றுள் பெரும்பாலானவை சிறு விமானங்களுக்கு நேர்ந்தவை. இதனினும் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. இவ்விபத்துக்களில் ஏறத்தாழப் பாதி, தொழில்முறை உரிமம் பெற்ற தேர்ந்த விமானிகளுக்கு நேர்ந்தது. பயிலும் மாணவர் பங்கு நூற்றுக்கு இரண்டே. கற்றுக்கொள்பவன் அஞ்சித் தொட்டியை எட்டிப் பார்க்கிறான். கற்றுவிட்டவன் பாராமலே ஏறி அமர்கிறான் என்று கொள்ளலாம் போலும்.

இவ்விபத்துக்களை இருவகையாகப் பகுப்பது வழக்கம். விமானத்தில் எண்ணெயே இல்லாமற் போதல் ஒன்று. எண்ணெய் இருந்தும் அது யந்திரத்தை எட்டாமற் போதல் மற்றொன்று. மேற்கூறிய கணக்கில் முன்னது நூற்றுக்கு 56, பின்னது நூற்றுக்கு 35. முன்னது பஞ்சம், பின்னது களஞ்சியம் நிறைந்திருக்கத் திறவுகோலைத் தொலைத்தவன் பட்டினி.

முதல் வகை எவ்வாறு நேர்கிறது என்பதை நம் நாட்டுக் கணக்கு ஒன்றால் விளக்குவேன். மீனம்பாக்கத்திலிருந்து சேலத்து விமானத் தளத்திற்கு ஒரு நேர்கோடு இழுத்தால், அது திருவண்ணாமலைக்கும் செங்கத்துக்கும் அருகாகவே செல்லும். தூரம் ஏறக்குறைய 270 கிலோமீட்டர். இருவர் அமரும் செஸ்னா 152 என்னும் சிறு விமானத்தின் தொட்டிகள் சுமார் 98 லிட்டர் கொள்ளும். அதனுள் ஐந்தாறு லிட்டர் தொட்டியின் அடியிலேயே தங்கி, யந்திரத்திற்குப் பயன்படாது ஒழியும். எனவே கைக்கு எட்டுவது 92 லிட்டர். வேகம் மணிக்கு 175 கிலோமீட்டர், செலவு மணிக்கு 23 லிட்டர் என்று கொள்வோம். போக வர 540 கிலோமீட்டருக்கு 3 மணி 5 நிமிஷம் ஆகும். 71 லிட்டர் செலவாகும். எஞ்சுவது 21 லிட்டர். இன்னும் ஐம்பது நிமிஷத்திற்கு மேல் பறக்கலாமன்றோ? சேலத்தில் எண்ணெய் இட வேண்டுவதில்லை என்று விமானி துணிகிறான்.

இனிக் காற்றைப் பார்ப்போம். வடகிழக்குப் பருவத்தில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று நேரே வீசுகிறது. போகும்போது அது முதுகில் தள்ளும். வரும்போது முகத்தில் அறையும். போகையில் கிடைக்கும் இலாபமும் வருகையில் நேரும் நஷ்டமும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று கணிதம் பயின்ற மாணவரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பிழை. போகும் வேகம் 225, ஆகவே நேரம் 1 மணி 12 நிமிஷம். வரும் வேகம் 125, நேரம் 2 மணி 10 நிமிஷம். ஆக 3 மணி 22 நிமிஷம். எதிர்காற்றில் அகப்பட்டுக் கிடக்கும் நேரமே மிகுதியாகலின், நஷ்டம் எப்பொழுதும் இலாபத்தினும் பெரிது. இத்துடன் மற்றொன்று. உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. அதற்கேற்பப் பெட்ரோலையும் குறைத்துக் கலக்க ஒரு பிடி உண்டு. அதனை விமானி இழுத்து அமைக்க மறந்தால், மணிக்கு 23 லிட்டர் என்பது 27 ஆகும். 3 மணி 22 நிமிஷத்திற்கு 27 வீதம் 90 லிட்டருக்குமேல் ஆயிற்று. இருமுறை மேலெழும்பும்போது கூடுதலாக நான்கு லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 92 லிட்டர் போதாது. தாம்பரத்திற்கு மேற்கே, மீனம்பாக்கத்து ஓடுதளத்திற்கு ஏறக்குறைய 12 கிலோமீட்டர் எஞ்சியிருக்கும் இடத்தில், யந்திரம் நின்றுவிடும். இக்கதையில் பெரும் பிழை எதுவும் இல்லை என்பதை அன்பர்கள் நோக்குக. காற்றிற்கு ஆறு லிட்டர், கலவைக்குப் பதின்மூன்று, ஏற்றத்திற்கு நான்கு; ஒவ்வொன்றும் தனித்து வந்திருந்தால் தப்பியிருக்கலாம்.

இதன்பொருட்டே, சென்று சேருமிடம் அடைந்த பின்னும் பகலில் 30 நிமிஷத்திற்கும் இரவில் 45 நிமிஷத்திற்கும் எண்ணெய் எஞ்சியிருக்க வேண்டும் என்று சிறு விமானங்களுக்குச் சர்வதேச விதி உள்ளது. ஒரு மணி நேரத்துக்குரியதை எஞ்ச வைத்துக்கொள்ளும் விமானிகளும் உளர். அவரையே யான் மெச்சுவேன்.

எண்ணெய்மானி காட்டாதோ என்று கேட்கலாம். சிறு விமானங்கள் பலவற்றில் அம்மானி, தொட்டிக்குள் மிதக்கும் ஒரு மிதவையைக் கம்பியாற் பிணைத்து அமைத்தது. விமானம் சாய்ந்தால் எண்ணெயும் சாயும், ஊசியும் ஆடும். பழைய விமானங்களில் அது சொல்வதை நம்பிப் பறப்பது, பொய் சாட்சியை நம்பித் தீர்ப்பு எழுதுவதை ஒக்கும். ஆகையால் புறப்படுமுன் இறக்கைமேல் ஏறி, மூடியைத் திறந்து, அளவுகோலை விட்டுப் பார்ப்பதே முறை. குளத்து ஆழத்தைக் கழி விட்டு அறியும் நம் நாட்டார்க்கு இது புதிதன்று. பார்த்தபின் மூடியைச் செவ்வனே திருகவும் வேண்டும். இறக்கையின் மேற்புறத்தில் காற்றழுத்தம் குறைவாதலின், தளர்ந்த மூடியின் வழியே எண்ணெய் உறிஞ்சப்பட்டு வானிற் சிந்திப்போகும். உள்ளே இருப்பவன் அறியான்.

இரண்டாம் வகை இன்னும் இரங்கத்தக்கது. சிறு விமானங்களில் தொட்டி பெரும்பாலும் இடது இறக்கையில் ஒன்றும் வலது இறக்கையில் ஒன்றுமாக இருக்கும். எதிலிருந்து எண்ணெய் வரவேண்டும் என்பதை ஒரு திருகு தீர்மானிக்கும். இறக்கை தலைக்குமேல் அமைந்த செஸ்னா போன்றவற்றில், எண்ணெய் தன் எடையாலேயே கீழிறங்கும். அவற்றுட் பலவற்றில் இரு தொட்டியையும் ஒருங்கே திறக்க இயலும். இறக்கை கீழே அமைந்த பைப்பர் செரோக்கி போன்றவற்றில், எண்ணெயைப் பம்பு இழுத்து மேலேற்றவேண்டும். இரண்டையும் ஒருங்கே திறந்து, அவற்றுள் ஒன்று வறண்டால், பம்பு எண்ணெயை விட்டுக் காற்றையே இழுக்கும். ஆதலால் அவற்றில் இடம் அல்லது வலம் என்னும் இரண்டே நிலை. விமானி அரைமணிக்கு ஒருமுறையேனும் நினைவுடன் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். மறந்தான் எனில், வலப்புறம் தளும்பத் தளும்ப எண்ணெய் இருக்க, இடப்புறத் தொட்டி வறண்டு யந்திரம் அணையும்.

ஜான் டென்வர் என்னும் அமெரிக்கப் பாடகரின் முடிவு இதற்குச் சான்று. 1997-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள், கலிபோர்னியாவில் மான்டரே விரிகுடாவின்மேல், தாம் புதிதாக வாங்கிய லாங் ஈசி என்னும் சிறு விமானத்தில் அவர் தனியே பறந்தார். அவ்வகை விமானத்தில் தொட்டித் திருகு விமானியின் கால்களுக்கிடையே அமைவது வழக்கம். அவ்விமானத்தைக் கட்டியவரோ, அதனை இருக்கைக்குப் பின்னே, இடது தோளுக்கு அப்பால் வைத்துவிட்டார். திருகும் கடினமானது, திருப்புவதற்கு ஓர் இடுக்கியைக்கூடக் கையிற் கொடுத்திருந்தனர். எண்ணெய் இட்டுக்கொள்வதையும் அவர் வேண்டாவென்றார். வானில் யந்திரம் தளரவே, திருகைத் திருப்ப உடலை முறுக்கித் திரும்புகையில், கால் அறியாது சுக்கானை மிதித்திருத்தல் வேண்டும் என்று ஆராய்ந்தோர் முடிவு செய்தனர். விமானம் கடலில் வீழ்ந்தது. திருகை இடம் மாற்றி வைத்த ஒருவரின் யோசனையும், பத்து நிமிஷத்தை மிச்சம் பிடித்த ஒரு விமானியின் அவசரமும் கூடி ஓர் உயிரைக் கொண்டன.

எண்ணெய் எட்டாமைக்கு வேறு காரணங்களும் உள. தொட்டியினின்று எண்ணெய் வெளிவர, அவ்விடத்தை நிரப்பக் காற்று உள்ளே புகவேண்டும். அதற்கென ஒரு சிறு குழாய் உண்டு. மண்ணால் கூடு கட்டும் குளவி அக்குழாயைத் தன் மனையாக்கிக்கொள்ளும். நம் வீட்டுச் சாவித் துவாரத்தை மண்ணிட்டு மூடும் அதே இனந்தான். பிறகு தண்ணீர். பாதி நிரம்பிய தொட்டியில் இரவின் குளிர்ச்சியால் காற்றின் ஈரம் நீராகும். விமானப் பெட்ரோல் நீரினும் இலேசாதலால், நீர் அடியில் தங்கும். யந்திரத்திற்குச் செல்லும் வழியும் அடியிலேயே உள்ளது. காலையில் அடித்துளையைத் திறந்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் சிறிது பிடித்துப் பார்த்தால், நீர் தனியே கீழே நிற்பது தெரியும். இன்று பெரிதும் வழங்கும் விமானப் பெட்ரோலுக்கு நீலச்சாயம் இட்டிருப்பர். ஜெட் விமானத்திற்குரிய எண்ணெயோ வைக்கோல் நிறத்தது. நிறத்தைப் பார்த்தாலே தவறான எண்ணெய் புகுந்ததும் வெளிப்படும்.

இப்பிழைகள் சிறு விமானங்களுக்கே உரியவை என்று எண்ணற்க. 1983-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள், கனடா நாட்டில் 69 பேரைச் சுமந்துசென்ற போயிங் 767 விமானம் ஒன்று, 41,000 அடி உயரத்தில் எண்ணெய் தீர்ந்து நின்றது. அவ்விமானத்திற்கு 22,300 கிலோகிராம் எண்ணெய் வேண்டியிருந்தது. எண்ணெய்மானி பழுதாயிருந்தமையின், கோல் விட்டு லிட்டரில் அளந்தனர், அதுவரை முறையே. லிட்டரை எடையாக மாற்றுங்கால், கிலோகிராமுக்குரிய 0.8 என்னும் எண்ணுக்குப் பதிலாகப் பவுண்டுக்குரிய 1.77 என்னும் எண்ணால் பெருக்கினர். கிடைத்த விடை பவுண்டு. கொண்ட பெயர் கிலோகிராம். ஆகவே வேண்டியதில் பாதிக்கும் குறைவாகவே எண்ணெய் ஏற்றப்பட்டது. இடையில் ஒட்டாவாவில் மறுபடியும் அளந்தனர்; அதே எண்ணால் பெருக்கி, அதே விடை கண்டு அமைதியுற்றனர். தலைமை விமானி ராபர்ட் பியர்சன், யந்திரமில்லா மிதவை விமானங்களில் பழகியவராதலால், கிம்லி என்னும் கைவிடப்பட்ட விமானத் தளத்தில் அதனை இறக்கினார். அன்று அங்கே மோட்டார்ப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. எவரும் இறந்திலர். அளவின் பெயரை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதும் நம் மாணவர்க்கு, பௌதிக ஆசிரியர் ஏன் மதிப்பெண் குறைக்கிறார் என்பது இதனால் விளங்கும்.

நமக்கு அண்மையிலும் அத்தகையது ஒன்று நிகழ்ந்தது. 1993-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள், இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ300 விமானம் சென்னையினின்று ஹைதராபாத்துக்குப் புறப்பட்டது. அங்கே பார்வைக்குத் தெளிவில்லாமையால் இறங்க இயலாது மீண்டும் மேலெழுந்தது. இறங்குங்கால் இறக்கையின் விளிம்பில் நீட்டப்படும் ஃபிளாப் என்னும் மடல்கள், திரும்ப மடங்காமல் நின்றுவிட்டன. மடல்கள் நீண்டிருந்தால் விமானம் மெதுவாகவே செல்லவேண்டும். காற்றின் தடையோ மிகும். குடையை விரித்துக்கொண்டு எதிர்காற்றில் ஓடுபவன் நிலை அது. அந்நிலையிலேயே சென்னைக்குத் திரும்ப முற்பட்டனர். வரும்போது ஆன செலவைக்கொண்டு திரும்பும் செலவை மதிக்க இயலாத நேரம் அது. வழியில் எண்ணெய் தீர்ந்து, திருப்பதிக்கு அருகே ஒரு நெல்வயலில் விமானம் இறங்கிற்று. விமானம் பாழாயினும், அதனுள் இருந்த 262 பேரும் உயிர் தப்பினர். ஐப்பசி மாதத்து ஈரவயல் அவர்களைத் தாங்கிக்கொண்டது என்றே சொல்லவேண்டும்.

இவற்றிற்கு மாறான ஒரு காட்சியையும் இங்கே வைக்கிறேன். 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியினின்று தபாற் பைகளுடன் புஸ் மாத் என்னும் ஒற்றை யந்திரச் சிறு விமானத்தில் புறப்பட்டு, ஆமதாபாத் வழியாகப் பம்பாய் சேர்ந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பார் பல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொணர்ந்தார். ஆமதாபாத்தில் விமானத்திற்கு எண்ணெய் வந்தது மாட்டு வண்டியில். டப்பா டப்பாவாகக் கையால் ஊற்றினார்கள். ஒவ்வொரு டப்பாவையும் கண்ணாற் கண்டு ஊற்றிய அக்காலத்து விமானிக்கு, தன் தொட்டியில் எவ்வளவு உள்ளது என்பதில் ஐயம் எழ இடம் குறைவு.

சரி, யந்திரம் நின்றேவிட்டது, என் செய்வது? யந்திரம் நின்றவுடன் விமானம் கல்லைப்போல் விழும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. தக்க வேகத்தைக் காத்துக்கொண்டால், செஸ்னா போன்ற சிறு விமானம் ஓரடி இறங்குவதற்குள் ஒன்பதடி முன்செல்லும். செங்கத்திற்கு மேலே, தரையிலிருந்து 4,000 அடி உயரத்தில் யந்திரம் நின்றதென்று கொள்வோம். 36,000 அடி, அஃதாவது 11 கிலோமீட்டர் தூரம் செல்லலாம். திருவண்ணாமலையோ முப்பது கிலோமீட்டருக்கு அப்பால். வேலூரை அடுத்த அப்துல்லாபுரத்துச் சிறு விமானத்தளம் எழுபது கிலோமீட்டருக்கு மேல். வடக்கே சவ்வாது மலை. ஆகவே சேயாற்றுச் சமவெளியே தஞ்சம். இறங்குவதற்குள் ஆறேழு நிமிஷம் உண்டு. முதலில் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காக்கவேண்டும். உயரத்தை இழக்க மனமின்றி மூக்கைத் தூக்குபவன், இறக்கையின் தாங்கும் வலிமையை இழந்து சுழன்று வீழ்வான். அடுத்து இறங்கும் இடத்தைத் தேர்ந்து, அதன் பக்கமாகத் திரும்பவேண்டும். அதன் பின்னரே தொட்டித் திருகை மறுபுறம் மாற்றிப் பம்பை இயக்கிப் பார்த்தல்; நூற்றுக்கு 35 பேருக்கு யந்திரம் மீண்டும் உயிர்பெறும் வாய்ப்பு இதில்தான் உள்ளது. பிறகு 121.5 என்னும் அபாய அலையில் மேடே என மும்முறை கூவித் தன் இருப்பிடத்தைச் சொல்லுதல். தரையை நெருங்குகையில் எண்ணெயை அடைத்து, மின்சாரத்தை நிறுத்தி, கதவைச் சிறிது திறந்து வைத்தல். மோதிய பின் கதவு சிக்கிக்கொள்ளும்.

இடத்தைத் தேர்வதில் இப்பக்கத்து நிலத்தை அறிந்தவனுக்கு நன்மை அதிகம். வானிலிருந்து நோக்கப் பச்சைக் கம்பளம் போல் தோன்றும் நெல்வயல், சிறு விமானத்திற்குப் பொல்லாதது. சேற்றில் முன்சக்கரம் புதைந்தால் குப்புறக் கவிழ்க்கும். கரும்பு உயரமானது, தென்னந்தோப்பைச் சொல்லவே வேண்டா. மல்லாட்டை பறித்து முடிந்த செம்மண் கொல்லை நன்று. கோடையில் வறண்ட ஏரியின் நடுப்பகுதி அதனினும் நன்று. உழவுசாலின் நெடுக்கே இறங்கவேண்டுமன்றிக் குறுக்கே இறங்கலாகாது. திருவண்ணாமலை சாலையைக் கண்டு ஆசைப்படுவோர் உளர். சாலையின் இருமருங்கும் புளியமரமும் மின்கம்பியும், நடுவே லாரியும் உள்ளன என்பதை மறவாதிருத்தல் நலம். வெளியூர் விமானி அறியாத ஆபத்து ஒன்றுண்டு. அது கொல்லைகளின் நடுவே கைப்பிடிச் சுவரின்றிக் கிடக்கும் அகன்ற பாசனக் கிணறு. மேலிருந்து பார்க்க அது ஒரு மரநிழல் போலவே தோன்றும். காற்று எப்பக்கம் வீசுகிறது என்பதைச் செங்கற்சூளையின் புகை காட்டும்; அதற்கெதிராக இறங்கினால் தரையைத் தொடும் வேகம் குறையும்.

அவ்வாறு இறங்கிய விமானத்தின் அருகே முதலில் வருபவர் பெரும்பாலும் ஆடு மேய்ப்பவரோ, களை எடுக்கும் பெண்டிரோ, விடுமுறைக்கு ஊர் வந்த நம் கல்லூரி மாணவரோ ஆவர். அவர்கட்குச் சில வார்த்தைகள். எண்ணெய் தீர்ந்து இறங்கிய விமானம் என்று கேட்டாலும், தொட்டியின் அடியில் ஐந்தாறு லிட்டர் இருக்கும். மற்றொரு தொட்டி நிறையவே இருத்தலும் கூடும். ஆகவே பீடி, தீக்குச்சி எதுவும் அருகே ஆகாது; கூட்டத்தை நூறடிக்கு அப்பால் நிறுத்தவேண்டும். முன்புறமுள்ள விசிறி நின்றிருந்தாலும் அதைக் கையால் தொடலாகாது. யந்திரத்துள் எஞ்சிய ஆவி பற்றிக்கொண்டால் அது ஒரு சுற்றுச் சுற்றிக் கையைக் கொண்டுபோகும். காயம்பட்டோரை மீட்கச் செல்பவர் வாற்புறமாக அணுகி, இறக்கையின் பின்னே நின்று கதவைத் திறக்கவேண்டும். உள்ளிருப்பவரின் வார்க்கச்சையைக் கழற்றுமுன், விமானம் கவிழ்ந்து கிடப்பின், அவர் தலைகீழாகத் தொங்குகிறார் என்பதை அறிந்து, தோளைத் தாங்கிக்கொண்டே கழற்றவேண்டும்.